பழைய மவுண்டன் பைக்கில் டிஸ்க் ரோட்டரை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டை) 160 மில்லிமீட்டரிலிருந்து 180-க்கு மாற்றினால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா?

பிடிக்கும். ஆனால் முன் சக்கரத்துக்கு மட்டும் மாற்றுங்கள். அதற்கும் முன்னால், இப்போது இருக்கிற ரோட்டரில் வீட்டில் யாராவது எண்ணெய் தடவுகிறார்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டில் நடந்தது.

என்னுடையது பத்து வருடத்துக்கு மேல் ஆன வண்டி. 26 இஞ்ச் சக்கரம், கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க், இரண்டு பக்கமும் 160 மில்லிமீட்டர் ரோட்டர். நாகர்கோவிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரிப்பாறை பக்கம் ஏறிவிட்டு வருவது வழக்கம். ஏறுவதில் ஒன்றுமில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே திரும்பி இறங்கும்போதுதான், லீவரை ஹேண்டில்பார் வரை அழுத்தினாலும் வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ரோட்டர் சின்னது, அதுதான் கோளாறு என்று நானே முடிவு கட்டி 180 வாங்கிவிட்டேன்.

மாற்ற உட்கார்ந்தபோது பழைய ரோட்டரில் விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய்!

“உப்புக்காத்துல துரு ஏறிரும்லா மக்கா, செயினுக்குப் போடும்ப அதுலயும் லேசா தொட்டு விட்டேன்” என்றார் அப்பா.

“எத்தன நாளா?”

“மாசத்துக்கு ஒருக்கா.”

நம் கடற்காற்றில் செயினும் கேபிளும் துருப்பிடிப்பது உண்மைதான். ரோட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதற்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட ஆகாது. ரோட்டரைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடும் எண்ணெய் குடித்திருந்தது. அதை உப்புத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் வாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புது பேட் வாங்கினேன். மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் ஐபிஏ என்று வைத்திருப்பார்களே, அந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ரோட்டரைத் துடைத்தேன். உள்ளே துருவேறி இழுபட்ட கேபிளையும் அதன் உறையையும் மாற்றினேன். அதே 160 ரோட்டரிலேயே பாதிக் குறை தீர்ந்துவிட்டது. நீங்களும் இதை முதலில் செய்து பார்த்துவிட்டுப் பெரிய ரோட்டருக்குப் போங்கள்.

இனி 180. ஒரே கைவிசைக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். மலையே நின்றுவிடாது. ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடு தாங்குவதிலும், விரல் வலி குறைவதிலும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

வாங்குவதற்கு முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பாருங்கள். ரோட்டர் ஆறு போல்ட்டில் நிற்கிறதா, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக்கா என்பது முக்கியம், ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் அப்படியே உட்காராது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தயாரிப்பாளர் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் அனுமதிக்கிறார் என்று பார்ப்பது அதைவிட முக்கியம். 160 தான் எல்லை என்றால் விட்டுவிடுங்கள், அங்கே விளையாட வேண்டாம். ரோட்டர் 20 மில்லிமீட்டர் பெரிதானால் பேடுகள் உட்காரும் காலிப்பர் 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போக வேண்டும், அதற்கு அடாப்டர் என்ற இடைத்துண்டு தேவை. ஐஎஸ் மவுண்ட் (காலிப்பரைப் பொருத்தும் ஒரு வகை) அடாப்டர் சிலவற்றில் எஃப்180, ஆர்160 என்று இரண்டும் சேர்த்து எழுதியிருக்கும். முன்னால் 180, பின்னால் 160 என்று அர்த்தம். அது தெரியாமல் சரியான பொருளை ஒரு தடவை திருப்பி அனுப்பினவன் நான். இன்னொன்று, மலிவான ரோட்டர்களில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருந்தால் அதில் மெட்டல் பேட் போடாதீர்கள், ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வேலையில் உயிரை எடுத்தது பழைய போல்ட்தான். பத்து வருட உப்பும், கம்பெனியில் போட்ட திரெட்லாக் பசையும் சேர்ந்து கல்லாகியிருந்தன. முதல் போல்ட்டின் நட்சத்திரத் தலை டி25 சாவியில் மழுங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். அப்புறம் சால்டரிங் அயர்னை ஒவ்வொரு போல்ட் தலையிலும் இரண்டு நிமிடம் வைத்துச் சூடேற்றி, சாவியை ரப்பர் சுத்தியலால் தட்டி ஆழமாக இறக்கித் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதுதான் பசை விட்ட சத்தம். ஆறும் வந்தன.

புதியதை மாட்டும்போது அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கட்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். 4 நியூட்டன் மீட்டர் போதும், பலம் காட்ட வேண்டாம். மெக்கானிக்கல் காலிப்பர் பலவற்றில் வெளி பேட் மட்டும் நகர்ந்து ரோட்டரை உள் பேடின் மேல் சாய்க்கும். அதனால் உள் பேடை விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளியில் முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே மலைக்குப் போய்விடாதீர்கள், புது ரோட்டரில் பேட் படிய வேண்டும். நான் குளக்கரையில் இருபது கிலோமீட்டர் வேகம் எடுத்து, முழுக்க நிற்காமல் வேகம் தணிப்பதை முப்பது தடவை செய்தேன். ஏழெட்டுத் தடவை வரை பிடிப்பே இல்லை, பயந்துவிட்டேன். பிறகு மெல்லக் கவ்வ ஆரம்பித்தது.

பின்னால் 160 அப்படியே இருக்கிறது. நனைந்த ரப்பர் இலையில் அதுவே சக்கரத்தைப் பூட்டிவிடுகிறது, இன்னும் பெரிதாக்கினால் சறுக்கத்தான் செய்யும். அதன் தடிமன் மட்டும் அவ்வப்போது அளக்கிறேன். புதிதில் 1.8 மில்லிமீட்டர் இருந்தது, இப்போது 1.6. ரோட்டரிலேயே 1.5 குறைந்தபட்சம் என்று பொறித்திருக்கிறது, அது வந்ததும் மாற்றுவேன். எண்ணெய்க் குப்பியைச் சைக்கிள் பக்கத்திலிருந்து அடுக்களைக்கு மாற்றியாயிற்று.