எண் அழிந்த பெல்ட்டுக்கு அளவு கண்டுபிடிப்பது

நண்பரே, புல் வெட்டும் டிரம் மோவரின் நான்கு வி-பெல்ட்டில் ஒன்று அறுந்துவிட்டது, அதன் மேலிருந்த அளவு எண் அழிந்துவிட்டது, கம்பெனியும் உதிரிப்பாகம் தருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியை மறந்துவிடுங்கள். பெல்ட் பொதுவான சரக்குதான். அளவு தெரிந்தால் பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

தேயாத இடமாகப் பார்த்து மேல் அகலத்தையும் தடிமனையும் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். 17-க்கு 11 மி.மீ. என்றால் பி வகை. அகலம் 16 சொச்சம், தடிமன் 13 என்றால் அது எஸ்பிபி (SPB) என்ற வேறு வகை. இந்த இரண்டையும் கடைக்காரர்களே குழப்பிக்கொள்வார்கள். தடிமனைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நீளத்துக்குப் பழைய பெல்ட்டை நம்ப வேண்டாம், இழுபட்டிருக்கும். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரைப் பாதி தூரத்தில் நிறுத்தி, இரண்டு புல்லிகளின் விளிம்போடு ஒரு கயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். பி வகையில் அதிலிருந்து சுமார் 70 மி.மீ. கழித்து 25.4-ஆல் வகுத்து அங்குலமாக்கினால் எண் வந்துவிடும். கயிறு 1,800 மி.மீ. காட்டினால் பி-68. எஸ்பிபி-க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் எண் மி.மீ.-இலேயே இருக்கும்.

அறுந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழைய மூன்றும் தளர்ந்து கிடக்க, புதியதே முழுச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் போய்விடும். நான்கையும் ஒரே பிராண்டில், ஒரே தொகுப்பில் கேட்டு வாங்குங்கள். மதுரைத் தயாரிப்பான ஃபென்னர் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கிறது.

புல்லிக் காடியின் அடிப்பகுதி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியில் உரசுகிறது என்று பொருள். அப்படியானால் முதலில் புல்லியை மாற்றுங்கள். மாட்டும்போது கடப்பாரையால் நெம்பாமல், டென்ஷனரை முழுவதும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள்.