நீடில்ஸ் முனையில நின்னு பாத்த ரேஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தோட தெக்குக் கரைக்கு வெளிய இருக்கிற ஐல் ஆஃப் வைட் தீவைச் சுத்தி நடக்கிற பாய்மரப் படகு ரேஸ், அதைப் பாக்கக் கரையோரமா நடந்தது, வழியில பப்புல உக்காந்தது பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். எனக்கு ஊர் தூத்துக்குடி. எங்கப்பா தோணியில கொழும்புக்குப் போயிட்டு வந்தவர், அதனால பாய்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டாலே நின்னு படிச்சிடுவேன். இந்த ஜூன்ல மக வீட்டுக்கு சவுத்தாம்ப்டன் வர்றோம். மூணு சந்தேகம். ஒண்ணு, நான் குடிக்கிறவன் இல்ல, வீட்டுல அவங்க சுத்த சைவம், எங்களை மாதிரி ஆளுங்க பப்புக்குள்ள போலாமா? ரெண்டு, யார் ஜெயிச்சான்னே தெரியாம திரும்பி வந்தேன்னு எழுதியிருக்கீங்க, அப்படி ஒரு ரேஸை எதுக்குப் போயிப் பாக்கணும்? மூணு, நீங்க குடியைக் கொஞ்சம் அழகுபடுத்தி எழுதிட்டீங்களோன்னு மனசுல பட்டுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க.)

அன்புள்ள அண்ணாச்சி,

தப்பா எடுத்துக்க ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது கேள்வியிலிருந்து வர்றேன், மத்த ரெண்டுக்கும் பதில் அதுக்குள்ளயே இருக்கு.

இந்த ரேஸை முழுசா பாத்தவங்கன்னு உலகத்துல ஒருத்தரும் கிடையாது. தீவோட வடக்குல இருக்கிற கவ்ஸ் ஊர்ல ஆரம்பிச்சு, மேற்கால போயி தீவோட மேற்கு முனையில இருக்கிற நீடில்ஸ் பாறையைச் சுத்தி, தெக்குக் கரையோரமா செயின்ட் கேத்தரின்ஸ் முனை, அப்புறம் பெம்பிரிட்ஜ், திரும்ப கவ்ஸ், மொத்தம் 50 கடல் மைல். 1931ல 25 படகோட ஆரம்பிச்சது, 1,500க்கு மேல படகு வந்த வருஷங்களும் உண்டு. கரையில நிக்கிற நமக்கு அதுல ஒரு துண்டுதான் கிடைக்கும், அந்தத் துண்டு எதுன்னு நாமதான் முடிவு பண்ணணும். நான் முதல் வருஷம் கவ்ஸுக்குப் போனேன், பீரங்கி சத்தம் கேட்டுச்சு, முன்னாடி நின்ன கூட்டத்தோட முதுகுதான் தெரிஞ்சுது, அரை மணி நேரத்துல படகெல்லாம் தூரத்துல வெள்ளைப் புள்ளியா போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் நீடில்ஸ் பக்கம் போயி பாறை மேல நிக்க ஆரம்பிச்சேன்.

ஏன் நீடில்ஸ்னு உங்களுக்குச் சொன்னா உடனே புரியும். ரேஸ் தேதியையே நீவாடு (கடல் நீரோட்டம்) பாத்துத்தான் குறிக்கிறாங்க, காலையில கிளம்புறப்ப தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவுல இருக்கிற சோலன்ட் ஜலசந்தியில தண்ணி மேற்கால ஓடணும். அங்க பெரும்பாலும் மேல்காத்துதான், நம்மூர் கச்சான் மாதிரி எதிர்ல அடிக்கும். காத்து கிழக்கால, தண்ணி மேற்கால. ஹர்ஸ்ட் கோட்டைக்கிட்ட கடல் குறுகுது பாருங்க, அங்க ரெண்டும் மோதி அலை குட்டை குட்டையா செங்குத்தா எழும்பும், படகெல்லாம் எதிர்காத்துல நேரா போக முடியாம வலமும் இடமுமா வெட்டி வெட்டி ஏறி வரும். ஒரு பக்கம் ஷிங்கிள்ஸ்னு ஒரு கூழாங்கல் திட்டு, தட்டினா நின்னுடும், இன்னொரு பக்கம் தீவு, நடுவுல அத்தனை படகும் ஒரே வாய்க்கால்ல நெருக்கிக்கிட்டு வரணும். வந்து, நீடில்ஸ் முனையில இருக்கிற கலங்கரை விளக்கத்தைத் தாண்டினதும் ஒவ்வொண்ணா இடது பக்கம் திரும்பும், திரும்பினா காத்து பின்னால வந்துடும், அந்த நிமிஷத்துலதான் முன்பக்கம் பலூன் மாதிரி கலர் பாயை விரிப்பாங்க. சிவப்பு, ஊதா, எலுமிச்சைப் பச்சைன்னு. மடிப்பாவே மேல போயி, ஒரு கணம் அப்படியே தொங்கும், அப்புறம் பொட்டுன்னு நிறையும். மேலேருந்து அந்தப் பொட்டு சத்தம் கேக்குமான்னா, காத்து நம்ம பக்கம் அடிச்சா கேக்கும் அண்ணாச்சி. நான் கேட்டிருக்கேன். மூணு மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னேன், கால் வலிச்சதே பிறகுதான் தெரிஞ்சுது.

அந்த முனையிலயும் ஆசைக்கு விலை உண்டு. 1947ல வர்வாஸின்னு ஒரு கிரேக்கக் கப்பல் கலங்கரை விளக்கத்துக்கு வெளிய தரைதட்டிடுச்சு, ஆரஞ்சுப் பழமும் ஒயினும் ஏத்தி வந்தது, அதோட மிச்சம் இன்னும் தண்ணிக்கடியில கிடக்கு. சுத்திப் போகாம பாறையை ஒட்டி வெட்டினா ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் மிச்சம், அந்த ஆசையில போயி அதுல இடிச்ச படகுங்க நிறைய. யாரு ஒட்டிப் போறாங்க, யாரு பயந்து அகலமா சுத்துறாங்கன்னு மேல நின்னு பாக்குறப்ப நமக்கே நெஞ்சு அடிச்சுக்கும்.

யார் ஜெயிச்சாங்கங்கிறதுக்கு வர்றேன். முதல்ல வர்ற படகுதான் பெரிய கோப்பையை ஜெயிக்கும்னு இல்ல. 2017ல கான்சைஸ் 10னு ஒரு மூணு உடல் படகு 2 மணி 22 நிமிஷத்துல சுத்தி வந்துடுச்சு, சின்ன குடும்பப் படகுங்க அதே தூரத்தை இருட்டுற வரைக்கும் சுத்தும். இதை ஈடுகட்ட ஒவ்வொரு படகுக்கும் நீளம், எடை, பாய் அளவெல்லாம் பாத்து ஒரு எண் குடுத்து, எடுத்துக்கிட்ட நேரத்தை அதால பெருக்குவாங்க, அந்தக் கணக்குல யாரு முன்னால வர்றாங்களோ அவங்களுக்குத்தான் தங்க ரோமன் கிண்ணம். 1931ல அதை ஜெயிச்சது 22 அடி நீளத்துல ஒரு கார்ன்வால் மீன்பிடிப் படகு, மெரி கன்சீட்னு பேரு. பிரிட்டன் பிரதமரா இருந்த எட்வர்ட் ஹீத் நாலு தடவை ஜெயிச்சிருக்காரு, ஆனா எனக்கு அந்த மீன்பிடிப் படகுதான் மனசுல நிக்குது. இந்தக் கணக்கெல்லாம் கடைசிப் படகு வந்து சேர்ந்தப்புறம்தான் முடியும், அதுக்குள்ள நான் ஃபெரியில இருப்பேன்.

இப்ப பப்பு. படகுங்க நீடில்ஸைத் தாண்டிப் போனதும் நான் டென்னிசன் டவுன் மேல நடப்பேன், சுண்ணாம்புப் பாறை மேல குட்டைப் புல்லு, உச்சியில கவிஞர் டென்னிசனுக்கு வச்ச கல் சிலுவை, 147 மீட்டர் உயரம், அங்கிருந்து பாத்தா பாய்மரமெல்லாம் செயின்ட் கேத்தரின்ஸ் பக்கம் வரிசையா போறது தெரியும். அப்புறம் ஃப்ரெஷ்வாட்டர் பே இறங்கி, யார்ங்கிற ஆத்தோரமா யார்மத் துறைமுக ஊர் வரைக்கும். வழியில சர்ச்சுக்குப் பக்கத்துல ரெட் லயன்னு ஒரு பழைய பப், அந்த சர்ச்சுத் தோட்டத்துலதான் டென்னிசனோட மனைவி எமிலியைப் புதைச்சிருக்காங்க. காலையிலிருந்து காத்துல நின்னவனுக்கு ஒரு நாற்காலி, ஒரு கூரை, கழிவறை, சூடா ஏதாவது சாப்பாடு, இதெல்லாம் வேணும், அந்தக் கரையில இதெல்லாம் ஒரே இடத்துல கிடைக்கிறது பப்புலதான். நம்மூர்ப் பாதையோரத்துல இருக்கிற கல் மண்டபமும் டீக்கடையும் சேர்ந்த ஒரு இடம்னு வச்சுக்கங்க. டாஸ்மாக்கை மனசுல வச்சுக்கிட்டு இதைப் பாக்காதீங்க, பாட்டி பேரனோட வருவாங்க, நாய்க்குத் தண்ணிக் கிண்ணம் வச்சிருப்பாங்க. நீங்க நேரா கவுன்டருக்குப் போயி லைம் சோடாவோ ஜிஞ்சர் பியரோ கேளுங்க, ஜிஞ்சர் பியர்னா பேருதான் பியர், பெரும்பாலும் இஞ்சி சோடாதான், ஆனா ஆல்கஹால் இருக்கிறதும் உண்டு, இல்லாததான்னு கேட்டு வாங்குங்க. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. டேபிள்ல உக்காந்து யாராவது வருவாங்கன்னு காத்திருக்காதீங்க, பெரும்பாலான இடத்துல நாமதான் போயி வாங்கணும், காசையும் அப்பவே குடுத்துடணும். மதினிக்கு ப்ளவ்மன்ஸ்னு ஒரு தட்டு இருக்கும், ரொட்டி, சீஸ், ஊறுகாய், ஆப்பிள், சில இடத்துல ஹாம் வச்சுடுவாங்க, வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. மதியச் சாப்பாடு ரெண்டு ரெண்டரைக்கு நிறுத்திடுற கிச்சன் நிறைய, அதுக்குள்ள போயிடுங்க.

குடியை அழகுபடுத்தினேனான்னு கேட்டீங்க. நான் அன்னிக்கு மூணு பப்புல நிறுத்தினேன், மொத்தம் ஒரு பைண்ட் பியர், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல, குடிச்சேன், அதுவும் ரெண்டு இடத்துல பாதி பாதியா. எங்க சித்தப்பா குடியிலதான் போனாரு, சித்தி பட்டதைக் கண்ணால பாத்தவன் நான், குடியை அழகுன்னு எழுத எனக்குக் கை வராது. நான் அழகுன்னு எழுதினது அங்க உக்காந்திருந்தவங்களை. போன தடவை யார்மத்ல நடந்ததைச் சொல்றேன். ரேஸை பாதியில விட்டுட்டுத் திரும்பின படகுங்க அந்தத் துறைமுகத்துக்குள்ளதான் வரும். தண்ணி புகாத மஞ்சள் ஆயில்ஸ்கின் கோட்டு போட்ட ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், தலைமுடியெல்லாம் உப்பு காய்ஞ்சு வெள்ளை வெள்ளையா, உள்ள வந்து ஐஸ் போட்ட தண்ணி கேட்டா. குடிக்கல. கிளாஸை ரெண்டு உள்ளங்கையாலயும் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி நின்னா. கயிறு இழுத்து கை வெந்திருக்கு. பக்கத்து மேசையில ஒரு வயசான அம்மா, ஒண்ணும் கேக்காம எந்திரிச்சுப் போயி ஒரு ஈரத்துணி வாங்கிட்டு வந்து அந்தக் கையில சுத்திவிட்டாங்க, அப்புறம் எங்க திரும்பினீங்க எப்படி ஆச்சுன்னு கேட்டு, கிளாஸுக்கு அடியில வைக்கிற பியர் அட்டை நாலை மேசையில பரப்பி, இது ஹர்ஸ்ட், இது ஷிங்கிள்ஸ், இது நீங்கன்னு வச்சு, நீவாடு எந்த நேரத்துல எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்னு விரலால கோடு போட்டுக் காட்டினாங்க. அந்தப் பொண்ணு ஒரு அட்டையைக் கொஞ்சம் நகத்தி, இல்ல இங்கன்னா. அரை மணி நேரம். காலையில நான் மேலேருந்து பாத்த படகுகள்ல ஒண்ணுல என்ன நடந்துச்சுன்னு எனக்கு அந்த மேசையிலதான் தெரிஞ்சுது.

வர்றப்ப ரெண்டு விஷயம். ரேஸ் விடியக்காலைல ஆரம்பிக்கும், அதனால முந்தின ராத்திரியே டோட்லண்ட் இல்லன்னா ஃப்ரெஷ்வாட்டர்ல தங்கிடுங்க, லிமிங்டன்லேருந்து யார்மத்துக்கு ஃபெரி நாப்பது நிமிஷம்தான், ஆனா அந்த வாரம் ரூம் சீக்கிரம் நிறைஞ்சிடும். ரெண்டாவது, பாறை விளிம்புக்குப் போகாதீங்க, சுண்ணாம்பு அடியில உதிர்ந்திருக்கும், மேல புல்லு நல்லாத்தான் தெரியும், நல்லாவே தள்ளி நில்லுங்க. மதினிக்கு காதை மூடுற மாதிரி ஒரு தொப்பி வேணும், ஜூன்னு நம்பாதீங்க.

டிக்கெட் போட்டதும் மெயில் போடுங்க அண்ணாச்சி, நானும் வர்றேன். அப்பா கச்சான்ல பாய் எப்படிப் பிடிச்சாருன்னு ரெட் லயன் மேசையில அட்டை பரப்பி நீங்க எனக்குக் காட்டணும்.

அன்புடன்,
தம்பி