அளவை மட்டும் எழுதி வால்வு வாங்கலாமா?

(வாசகர்களின் கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் 10 கிலோ அழுத்த நீராவி லைனுக்கு, டெஃப்ளான் சீட் (மூடும்போது கசிவைத் தடுக்கும் வளையம்) உள்ள பால் வால்வு (துளையிட்ட பந்து திரும்பித் திறந்து மூடும் வால்வு), குளோப் வால்வின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கால் சுற்றுத் திருப்பினால் மூடிவிடுகிறது. வாங்கலாமா? – பெருந்துறை வாசகர்

பதில்: வேண்டாம். அந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 183 டிகிரி செல்சியஸ். சாதாரண டெஃப்ளான் சீட் அறை வெப்பத்தில் தாங்கும் அழுத்தத்தில் சிறு பங்கைத்தான் அந்தச் சூட்டில் தாங்கும். சீட் நசுங்கியதும் மூடிய வால்வின் வழியாகவே நீராவி கசியத் தொடங்கும், நீங்களோ விறகுச் செலவு ஏன் ஏறியது என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். உலோகச் சீட் கொண்ட வார்ப்பு எஃகு குளோப் வால்வையோ, பிஸ்டன் வால்வையோ வாங்குங்கள். பாய்லர் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட லைன் என்றால் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள்) படிவம் மூன்று-சி சான்றிதழ் உடன் வர வேண்டும். சான்றிதழில் உள்ள எண்ணும் வால்வின் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்பதைச் சரக்கு இறங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பம்பின் வெளியேற்றுக் குழாயில் கேட் வால்வைப் பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைக்கிறோம். ஆறே மாதத்தில் மூடினாலும் ஒழுகுகிறது. மூன்று முறை மாற்றியாகிவிட்டது. எல்லாமே மட்டமான சரக்கா? – கரூர் வாசகர்

பதில்: கேட் வால்வு முழுதாகத் திறப்பதற்கும் முழுதாக மூடுவதற்கும் உரியது. பாதியில் நிறுத்தினால் பாய்ந்து வரும் தண்ணீர் கதவின் விளிம்பையும் சீட்டையும் அறுத்துவிடும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க உரிய குளோப் வால்வு வாங்குங்கள். மூன்றாம் முறையும் அதையே வாங்கியது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: தோல் பதனிடும் ஆலைக்கு 316 ரக எவர்சில்வர் என்று பில் போட்டு விற்கப்பட்ட பால் வால்வுகள் எட்டு மாதத்தில் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டன. கடைக்காரர் காந்தம் ஒட்டவில்லை என்று காட்டித்தான் விற்றார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? – ராணிப்பேட்டை வாசகர்

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். காந்தத்தைக் காட்டி நம்பவைப்பது இந்த வியாபாரத்தின் பழைய வித்தை. 304, 316 ஆகிய இரண்டு எவர்சில்வர் ரகங்களிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அசலான 316 வார்ப்பிலேயே சில வேளை லேசாக ஒட்டுவதும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது 2 முதல் 3 விழுக்காடு வரை சேர்க்கப்படும் மாலிப்டினம். அது காந்தத்துக்குத் தெரியாது. எக்ஸ்-கதிர்க் கருவியால் உலோகத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில், உடல், பந்து, தண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதித்து அறிக்கை வாங்குங்கள், ஏனெனில் உடலை நல்ல உலோகத்தில் வார்த்துவிட்டு உள்ளே மட்டமான பந்தைப் போடுவோரும் உண்டு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களைத் தவிர, வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆகவே ஆலையின் பெயரில் வாங்கியிருந்தால் உங்களுக்கு உதவுவது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். விவரணையைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. பில்லில் ‘316’ என்று இருப்பது உங்கள் பலம். ஆனால் சோதனையில் அது உண்மையான 316 என்றே தெரிந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை: தோலை ஊறவைக்கும், உப்பும் அமிலமும் கலந்த பிக்கிள் கரைசல் அதையும் அரிக்கும். அந்த லைனுக்கு உட்புறம் டெஃப்ளான் பூசிய வால்வுதான் ஏற்றது.

கேள்வி: கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்துள்ளேன். இங்கே ‘50 மி.மீ. பால் வால்வு, 12 எண்ணம்’ என்று எழுதித்தான் விலை கேட்கிறார்கள். இது போதுமா? – கடலூர் வாசகர்

பதில்: போதாது, எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒற்றை வரியில்தான் பிறக்கின்றன. வால்வு வழியாக என்ன ஓடுகிறது, எந்தச் செறிவில், அதிகபட்ச வெப்பமும் அழுத்தமும் எவ்வளவு, துகள்கள் கலந்திருக்குமா, திறந்து மூடவா அல்லது ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கவா என்பவற்றை எழுதாமல் விலை கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்துக் கடையில் ‘பத்து மாத்திரை கொடுங்கள்’ என்பதற்குச் சமம். கந்தக அமிலம் என்று பெயரை மட்டும் எழுதினாலும் பயனில்லை: 98 விழுக்காட்டுச் செறிவில், அறை வெப்பத்தில், மெதுவாக ஓடும்போது சாதாரண எஃகே தாங்கும்; நீர்த்த அமிலம் அதே எஃகை விரைவில் தின்றுவிடும். அழுத்தமும் அப்படித்தான். கிளாஸ் 150 (அழுத்தம் தாங்கும் திறனைக் குறிக்கும் வகுப்பு) வார்ப்பு எஃகு வால்வு 38 டிகிரியில் 19.6 பார் தாங்கும், 200 டிகிரியிலோ 13.8 பார்தான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஃபர்னஸ் ஆயில் லைனுக்கு ‘100 மி.மீ. பட்டர்ஃப்ளை, 6’ என்று நானே ஆர்டர் எழுதினேன். தண்ணீருக்கு நன்றாக உழைக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் போட்ட வால்வுகள் வந்தன. அந்த ரப்பர் எண்ணெயில் ஊறும். ஒரு மாதம் கழித்து இரவு ஷிஃப்டில் வால்வை மூட முடியாமல் ஃபிட்டர் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இழுக்க, தண்டு முறுக்கிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் ரப்பர், தண்ணீரில் ஊறிய அப்பளம்போல் உப்பிச் சுருங்கிக் கிடந்தது. நைட்ரைல் ரப்பர் கேட்டிருக்க வேண்டும். விற்றவரோ என் ஆர்டரை என்னிடமே நீட்டி, “எண்ணெய் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். எங்கும் எழுதவில்லை. பயன்பாட்டைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால்தான் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு துணைக்கு வரும். ஆகவே ஆர்டரில் பயன்பாட்டை எழுதிவிட்டு, ‘இதற்கு ஏற்றது’ என்று விற்பவரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: 80 மி.மீ. தண்ணீர் லைனுக்கு 50 மி.மீ. கன்ட்ரோல் வால்வு போதும் என்கிறார் விற்பனையாளர். மணிக்கு 20 கன மீட்டர் ஓட்டம், வால்வில் 1 பார் அழுத்த இழப்பு. மட்டமாகக் கொடுக்கப் பார்க்கிறாரா? – ஓசூர் வாசகர்

பதில்: குறைந்த விலைக்கு விற்க முன்வருபவரைச் சந்தேகிக்கிறீர்கள், அவர் சொல்வது சரி. உங்கள் கணக்குக்குத் தேவையான கே.வி. (1 பார் அழுத்த இழப்பில் மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் வால்வு வழியே ஓடும் என்ற எண்) 20. 50 மி.மீ. வால்வுகளில் அது பெரும்பாலும் 40ஐ ஒட்டியும், 80 மி.மீ. வால்வுகளில் 100ஐ ஒட்டியும் இருக்கும். பெரியதைப் போட்டால் அது எப்போதும் மூடும் நிலையை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்து சீட்டை அறுத்துக்கொள்ளும்.

கேள்வி: குளிர்பதனக் கிடங்கின் அமோனியா லைனுக்குப் பித்தளை வால்வு போடலாமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: கூடவே கூடாது, எஃகு வால்வுதான்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் கிளாஸ் 300 என்று எழுதியிருந்த ஆறு கேட் வால்வுகளைக் கால் விலைக்கு வாங்கிவிட்டோம். சான்றிதழ் இல்லை. எப்படிச் சோதிப்பது? – சேலம் வாசகர்

பதில்: வாங்கும் முன் கேட்டிருக்கலாம். தண்டைச் சுற்றிக் கசியாமல் இறுக்கும் கிளாண்டு போல்ட்டின் மரையிலும் பெயின்ட் வழிந்திருக்கிறதா (மறுபடி பெயின்ட் அடித்ததன் அடையாளம்), ஹீட் எண் (எந்த உருக்கிலிருந்து வார்த்தது என்று காட்டும் எண்) இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓடிய தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடம் இருந்தால் அதை எடைக்கே போட்டுவிடுங்கள். மற்றவற்றை, அறை வெப்பத்தில் தாங்க வேண்டிய அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் உடலையும், 1.1 மடங்கில் சீட்டையும் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். உடல் சோதனையைக் காற்றழுத்தத்தில் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள், வெடித்தால் ஆளையே கொல்லும். தேறியவற்றையும் குளிர்நீர் லைனில் மட்டும் போடுங்கள். ஆறில் எத்தனை தேறின என்று எனக்கும் எழுதுங்கள்.