குரோஷேவா, எம்பிராய்டரியா, களிமண்ணா?

கேள்வி: வயது 43. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி. இரவில் எனக்கென்று கிடைப்பது முக்கால் மணி நேரம். அதிலும் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். தனி அறை கிடையாது, சாப்பாட்டு மேஜைதான். போன வருஷம் வாட்டர்கலர் வாங்கினேன். காகிதம் அலை அலையாக வளைந்தது, வண்ணமெல்லாம் சேறாகிவிட்டது. எனக்குக் கலை வராது என்று பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது குரோஷே (கொக்கியால் நூல் பின்னுவது), எம்பிராய்டரி, பாட்டரி (களிமண்ணில் பாத்திரம் வனைவது) மூன்றின் மேலும் ஆசை. எதைக் கற்றுக்கொள்ளலாம்? (ஒரு வாசகி)

பதில்: "கலை வராது" என்ற தீர்ப்பை முதலில் ரத்து செய்யுங்கள். காகிதம் வளைந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. சாதாரண ஓவிய நோட்டின் தாள் 100 முதல் 150 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். ஈரம் பட்டால் அது வளையத்தான் செய்யும். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். வண்ணம் சேறாவது பெரும்பாலும் மூன்று, நான்கு நிறங்களை ஒன்றாகக் குழைப்பதாலும், பாதி காய்ந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தூரிகை ஓட்டுவதாலும் வரும் கோளாறு. தூரிகை கழுவ ஒரு கிண்ணம், வண்ணம் கரைக்க நல்ல தண்ணீர் இன்னொரு கிண்ணம் என்று வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஆனால் வாட்டர்கலரில் ஈரம் காயும் வேகத்துக்கு நாம் ஓட வேண்டும். நடுவில் எழுந்துபோகிறவருக்கு அது தோதான வேலை இல்லை.

உங்கள் கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. செய்து முடித்த பொருளின் அழகைப் பார்த்துக் கைவேலையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எடுத்துப் பரப்பவும் ஒதுங்கவைக்கவும் எவ்வளவு நேரம் ஆகும், பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் என்ன கெடும், தப்பு செய்தால் பிரிக்க முடியுமா என்று பாருங்கள்.

பாட்டரி இதில் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. சக்கரத்தில் களிமண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தப் பழகவே பல வகுப்புகள் ஆகும். வனைந்ததை மெதுவாக உலர்த்தி, சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஒரு முறை சுட்டு, மெருகுப்பூச்சு பூசி மறுபடி சுட வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும்போது சூளையில் வைத்தால் அது நீராவியாகிப் பாத்திரத்தையே வெடிக்க வைக்கும். அதனால் அவசரப்படவும் முடியாது. ஆசை விடவில்லை என்றால் சக்கரமும் சூளையும் உள்ள இடத்தில் வார இறுதி வகுப்பில் சேருங்கள். சக்கரம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

எம்பிராய்டரிக்கு இடம் வேண்டாம், பாதியில் விட்டாலும் கெடாது. சிக்கல் உங்கள் கண். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, இரவு விளக்கில் மெல்லிய இழையைத் துணியில் தேடுவது சோர்வைக் கூட்டும். விடுமுறை நாள் பகல் வெளிச்சத்தில் செய்யலாம். அப்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் நூல் ஆறு இழை. சின்ன வேலைக்கு இரண்டு போதும். அந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்து இழுக்காமல் ஒவ்வொன்றாக உருவினால் சிக்காது. நூலை 45 செ.மீ.க்கு மேல் வெட்டினால் துணியில் உரசி உரசிப் பிசிறு தட்டும், முறுக்கேறி முடிச்சு விழும்.

ஆகவே என் ஓட்டு குரோஷேவுக்கு. ஒரு கொக்கி, ஒரு நூல்கண்டு, கத்தரிக்கோல், மழுங்கின முனை ஊசி. யாராவது கூப்பிட்டால் கொக்கியில் இருக்கும் லூப்பைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து விட்டுவிட்டுப் போகலாம். தப்பாகிவிட்டால் நூலை இழுத்தால் பிரிந்துவிடும், மறுபடி பின்னலாம்.

5 மி.மீ. கொக்கியும், லேபிளில் 4 என்று போட்ட நடுத்தரத் தடிமன் பருத்தி நூலும் வாங்குங்கள். வெளிர் நிறமாக, வழவழப்பாக இருக்கட்டும். கறுப்பு நூலிலும் பஞ்சு பஞ்சான நூலிலும் கண்ணியைக் கண்ணால் பார்க்கவே முடியாது. புதியவர்கள் ஆசையோடு எடுப்பது என்னவோ அதைத்தான்!

முதல் வேலை, டம்ளருக்கு அடியில் வைக்கும் ஒரு சதுரம். 16 செயின் (கொக்கியில் இருக்கும் லூப்பின் வழியே நூலை இழுத்துப் போடும் சங்கிலிக் கண்ணி) போடுங்கள். கொக்கியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் குரோஷே: குத்தி, நூலைச் சுற்றி இழுத்தால் கொக்கியில் இரண்டு லூப், மறுபடி சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுங்கள். வரிசை முடிவில் 15 இருக்கும். ஒரு செயின் போட்டுத் திருப்பி, மறுபடி 15. அகலமும் உயரமும் சமமாகும்வரை இப்படியே.

தகராறு வரப்போவது ஓரத்தில்தான். சதுரம் போகப் போக முக்கோணமாகக் குறுகினால், வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுகிறீர்கள். விரிந்துகொண்டே போனால், திருப்பும்போது போட்ட அந்த ஒற்றைச் செயினையும் கண்ணி என்று நினைத்து அதில் குத்துகிறீர்கள். சிங்கிள் குரோஷேயில் அது கணக்கில் வராது. முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டிவைத்து, வரிசைக்கு வரிசை நகர்த்துங்கள். எண்ணுவது அலுப்புத்தான், ஆனாலும் முதல் சில நாள் ஒவ்வொரு வரிசையையும் எண்ணியே ஆக வேண்டும்.

இரண்டாவது வரிசையில் கொக்கியே நுழையாது என்பது இன்னொரு புகார். லூப்பைக் கொக்கியின் ஒடுங்கிய கழுத்தில் வைத்து இறுக்குவதால் வருவது அது. முழுப் பருமன் உள்ள தண்டுப் பகுதியில் லூப் உட்கார வேண்டும். தொடக்கச் செயின் மட்டும் இறுகினால் அதற்கு 6 மி.மீ. கொக்கி எடுத்துக்கொண்டு, அப்புறம் 5க்கு மாறுங்கள். கடைசியில் 15 செ.மீ. நூல் விட்டு வெட்டி, மழுங்கின ஊசியால் ஒரு பக்கம் கோத்து, திரும்பவும் எதிர்ப்பக்கம் கோத்துவிடுங்கள். ஒரே திசையில் கோத்த நூல் துவைக்கும்போது உருவிக்கொண்டு வரும்.

இப்படி மூன்று சதுரம் முடியும்வரை வேறெதுவும் வாங்க வேண்டாம். பன்னிரண்டு கொக்கி அடங்கிய பெட்டி, இருபது நிற நூல், எல்லாம் காத்திருக்கட்டும். மூன்றாவது சதுரம் நேராக வந்தும் கை அதைத் தேடிப் போகவில்லை என்றால், தயங்காமல் எம்பிராய்டரிக்கு மாறிவிடுங்கள். கை தேடினால் அடுத்தது ஒரு கழுத்துத் துண்டு. அதற்குச் செய்முறை பார்க்கும்போது, அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் மேலே செய்த சிங்கிள் குரோஷே அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் செய்முறையில் இதே கண்ணிக்கு டபிள் குரோஷே என்று பெயர். மாற்றிப் படித்தால் துண்டின் நீளமும் நூல் கணக்கும் அடியோடு தப்பிப்போகும்.