நம்ப முடிகிற உளவு நாவல் எங்கே கிடைக்கும்? கேள்வி பதில்

இன்றைய உலகத்தில் நடக்கிற, நிஜத்தை ஒட்டிய உளவு நாவல்கள் எவை என்று வாசகர் வட்டத்து நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். நான் வருடக்கணக்காக விடாமல் படித்துவரும் வகை இது. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, துப்பாக்கிச் சண்டையும் கார் துரத்தலும் சலித்துவிட்டன. உளவுத்துறை நிஜத்தில் எப்படி வேலை செய்யும் என்று காட்டுகிற ஒரு நாவல் சொல்லுங்கள். எதில் தொடங்கலாம்? (கோவை)

டேவிட் மெக்ளோஸ்கி எழுதிய 'டமாஸ்கஸ் ஸ்டேஷன்', 2021. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் பகுப்பாய்வாளராக இருந்தவர் அவர். சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்ட காலம். சாம் ஜோசப் என்ற சிஐஏ அதிகாரி, சிரிய அதிபர் மாளிகையில் வேலை பார்க்கும் மரியம் என்ற பெண்ணைத் தங்கள் பக்கம் இழுக்கிறார். கதை இவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, ரகசியத்தை எடுப்பவர் சாம் கிடையாது. ரகசியம் யார் கையில் இருக்கிறதோ அவரைக் கண்டுபிடித்து, பழகி, நம்பிக்கை வளர்த்து, எடுத்துத் தர வைப்பதுதான் அவர் வேலை. தூதரக அதிகாரி என்ற சட்டப் பாதுகாப்பு இருக்கிற உளவு அதிகாரி மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். எடுத்துக் கொடுத்தவருக்கு உயிர் போகும். இந்த ஏற்றத்தாழ்வை மறக்காத நாவல்தான் எனக்கு நிஜமாகத் தெரிகிறது. மரியத்தைச் சந்திக்கப் போகும் முன், யாராவது பின்தொடர்கிறார்களா என்று பார்க்க சாம் ஊரையே சுற்றுவார். ஒரு கடை, ஒரு திருப்பம், திரும்பவும் ஒரு கடை என்று நீளும். பொறுமையாகப் படியுங்கள், அந்தப் பக்கங்களில் நமக்கே வியர்த்துவிடும். இருவருக்கும் இடையே வரும் காதல்தான் என் பார்வையில் நாவலின் பலவீனமான இடம்.

மேடம், இப்போது எங்கே பார்த்தாலும் கேமரா, கையில் போன். இந்தக் காலத்தில் ஒருவர் ரகசியமாக நடமாடுகிறார் என்றால் நம்ப முடிகிறதா? (சென்னை)

2010 ஜனவரியில் துபாய் ஹோட்டல் ஒன்றில் ஹமாஸ் தலைவர்களில் ஒருவரான மஹ்மூத் அல்-மப்ஹூ கொல்லப்பட்டார். துபாய் போலீஸ் விமான நிலையம், ஹோட்டல் வரவேற்பறை, லிஃப்ட் என்று எல்லாக் கேமராப் பதிவுகளையும் கோர்த்து, வந்தவர்களின் நடமாட்டத்தை உலகத்துக்கே போட்டுக் காட்டியது. டென்னிஸ் உடையில் கையில் மட்டையோடு அவர் பின்னாலேயே லிஃப்ட்டை விட்டு இறங்கிய இருவரையும் அப்போது டிவி பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போலிப் பாஸ்போர்ட்கள் அம்பலமாயின. இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட்டின் வேலை என்று துபாய் போலீஸ் குற்றம் சாட்டியது.

ஆகவே இன்றைய நாவலுக்கு என் முதல் சோதனை இதுதான். கதாநாயகன் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு எல்லை தாண்டுகிறானா? கீழே வைத்துவிடலாம். போனை எங்கே விட்டுவிட்டுப் போவது, அது ஒரே இடத்தில் கிடந்தால் அதுவே சந்தேகம் தருமா, விரல் ரேகை பதிவான பிறகு இன்னொரு பெயரில் அதே நாட்டுக்குள் எப்படி வருவது என்றெல்லாம் கவலைப்படுகிறானா? தொடர்ந்து படியுங்கள்.

உளவுத்துறையில் இருந்தவர்கள் எழுதினால் நிஜ ரகசியம் வெளியே வந்துவிடாதா? (திருச்சி)

சிஐஏவில் வேலை பார்த்தவர் நாவல் எழுதினாலும் பதிப்பகத்துக்குக் கொடுக்கும் முன் அந்த அமைப்பின் பரிசீலனைக் குழுவிடம் காட்டியாக வேண்டும். நடந்த ஆபரேஷன் எதுவும் அப்படியே வராது. அவர்களிடமிருந்து நமக்குக் கிடைப்பது அந்த வாழ்க்கையின் மனநிலை.

அதற்கு நான் கைகாட்டுவது ஐ. எஸ். பெர்ரி எழுதிய 'தி பீகாக் அண்ட் தி ஸ்பாரோ', 2023. சிஐஏவில் கள அதிகாரியாக இருந்தவர் அவர். அரபு வசந்தம் என்ற மக்கள் எழுச்சிக்குப் பிந்தைய பஹ்ரைனில், ஐம்பதைத் தாண்டிய ஷேன் காலின்ஸ் தன் கடைசிப் பணிக்காலத்தைக் கழிக்கிறார். குடி, களைப்பு, தகவல் தருபவன் சொல்வதைத் தலைமையிடம் எப்படி எழுதி அனுப்புவது என்ற குழப்பம். தலைமைக்கு எது பிடிக்குமோ அந்தப் பக்கம் அறிக்கை மெல்லச் சாய்வதை இவ்வளவு நேர்மையாக வேறு நாவலில் நான் பார்க்கவில்லை. மர்மக் கதைகளுக்குத் தரப்படும் எட்கர் விருதில் 2024ஆம் ஆண்டின் சிறந்த முதல் நாவல் இதுதான். நிறையப் பேர் இதைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு வருத்தம்.

'ஸ்லோ ஹார்சஸ்' தொடர் பார்த்தேன். புத்தகம் நிஜமா, கற்பனையா? (பெங்களூரு)

பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5இல் சொதப்பிய ஆட்களை லண்டனில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் ஒதுக்கி வைத்திருப்பது மிக் ஹெரனின் கற்பனை. அவர் உளவுத்துறையில் இருந்தவர் இல்லை. ஆனால் மேலதிகாரி தன் நாற்காலியைக் காப்பாற்றக் கீழே இருப்பவனைப் பலி கொடுப்பது, ஒரு கோப்பு யார் மேசையில் நின்றது என்ற சண்டை, இதெல்லாம் அலுவலகத்தில் காலம் தள்ளிய யாருக்கும் புரியும். முதல் நாவல் 2010இல் வந்தது. வரிசையாகவே படியுங்கள், ஆட்கள் செத்துப்போவார்கள்.

ஜான் லெ காரே என்றாலே பனிப்போர் என்கிறார்கள். இன்றைய காலத்துக்கு அவர் எழுதியது ஏதாவது உண்டா? (யாழ்ப்பாணம்)

உண்டு, நிறைய. 2008இல் வந்த 'எ மோஸ்ட் வான்டட் மேன்' என் முதல் தேர்வு. செச்சென் ரத்தம் கலந்த இசா என்ற இளைஞன் ஹாம்பர்க் நகரத்துக்குத் திருட்டுத்தனமாக வந்து சேர்கிறான். அவனுக்காகப் போராடும் பெண் வக்கீல் ஒருவர், பழைய பாவம் ஒன்றைச் சுமக்கும் வங்கி அதிபர் ஒருவர். அவனைப் பிடிக்காமல் விட்டு வைத்தால் இன்னும் பெரிய ஆளிடம் கொண்டு சேர்ப்பான் என்று நம்பும் ஜெர்மன் அதிகாரி பாக்மன். உடனே பிடித்தாக வேண்டும் என்று நிற்கும் மற்ற அமைப்புகள். செப்டம்பர் 11க்குப் பிறகு உளவுத்துறைகளுக்குள் நடந்த பெரிய வாக்குவாதமே இதுதான்: பிடிப்பதா, காத்திருப்பதா? கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் 2019இல் வந்த 'ஏஜென்ட் ரன்னிங் இன் தி ஃபீல்ட்': ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் காலத்து லண்டன், பேட்மிண்டன் ஆடும் ஓர் அதிகாரி. அளவில் சின்னது.

பெண்களை மையமாக வைத்து? (மதுரை)

ஸ்டெல்லா ரிமிங்டன் எழுதிய 'அட் ரிஸ்க்', 2004. எம்ஐ5இன் முதல் பெண் தலைவர் அவர். 1992 முதல் 1996 வரை. கதாநாயகி லிஸ் கார்லைல். மொழி சாதாரணம்தான், விசாரணை நகரும் விதம் நம்பும்படி இருக்கும். ஜேசன் மேத்யூஸின் 'ரெட் ஸ்பாரோ'வைப் பலர் சிபாரிசு செய்வார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சிஐஏவில் இருந்தவர். மாஸ்கோ தெருக்களில் ஆளைப் பின்தொடரும் காட்சிகள் அபாரம். ஆனால் நாயகி மற்றவர்களைச் சுற்றித் தனக்குத் தெரியும் நிறத்தை வைத்து அவர்கள் மனதைப் படிப்பது நிஜம் தேடுகிறவர்களுக்கு உறுத்தும். ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஒரு சமையல் குறிப்பு வரும்.

சீனா பற்றி? (சிங்கப்பூர்)

ஆடம் புரூக்ஸின் 'நைட் ஹெரான்', 2014. பிபிசி நிருபராக சீனாவில் இருந்தவர் என்பதால் பீஜிங் தெரு கண் முன்னால் நிற்கும்.

நம் நாட்டுக் கதை? தமிழில்? (தஞ்சாவூர்)

இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வின் உயர் பதவியில் இருந்த அமர் பூஷண் 2012இல் 'எஸ்கேப் டு நோவேர்' எழுதினார். அங்கே மூத்த அதிகாரியாக இருந்த ரபீந்தர் சிங், கண்காணிப்பில் இருக்கும்போதே 2004இல் நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பிய விவகாரம்தான் நாவலின் அடிப்படை. இலக்கிய நயம் எதிர்பார்க்காதீர்கள். சந்தேகப்பட்டவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது, ஆதாரம் போதவில்லை என்று மேலே கையெழுத்துக்குத் தயங்குவது, அதற்குள் ஆள் பறந்துவிடுவது. அந்தத் தயக்கத்துக்காகவே படிக்கலாம். 2023இல் வந்த 'குஃபியா' படம் இதிலிருந்து எடுத்ததுதான்.

தமிழில் துப்பறியும் கதைக்குக் குறைவில்லை. இந்த மாதிரி உளவு நாவல் எனக்குத் திருப்தியாக இன்னும் அமையவில்லை. அசோகமித்திரனின் 'ஒற்றன்!' பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அற்புதமான புத்தகம், ஆனால் அமெரிக்காவில் எழுத்தாளர் முகாமில் நடப்பது. ஆனாலும் ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார். இன்றும் தகவலை எடைபோடும் விதி அதுதான். நாவலில் வரும் அதிகாரிகள் கிடைத்த தகவலைக் கேள்வி கேட்காமல் நம்பினால் எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாவலை விட நிஜ வரலாறு சுவாரசியம் என்கிறாரே என் அண்ணன்? (சேலம்)

சில சமயம் உண்மைதான். டேவிட் ஹாஃப்மன் எழுதிய 'தி பில்லியன் டாலர் ஸ்பை' படிக்கச் சொல்லுங்கள். டோல்கச்சேவ் என்ற மாஸ்கோ ரேடார் பொறியாளர் 1977இல் ஒரு பெட்ரோல் பங்கில் சிஐஏ அதிகாரியை அணுகித் தானாகவே உதவ முன்வருகிறார். சோவியத் உளவு அமைப்பான கேஜிபி வைத்த பொறியாக இருக்கும் என்று பயந்து திரும்பத் திரும்ப விலக்கிவிடுகிறார்கள்! பிறகு 1982இல் அவரைச் சந்திக்க, ஓடும் காரிலிருந்து அதிகாரி குதித்ததும் அவர் இருக்கையில் கேக் போல் செய்த பெட்டியிலிருந்து ஒரு பொம்மை உருவம் எழும்பி நிற்கும். பின்னால் வரும் காரிலிருந்து பார்த்தால் ஆள் அப்படியே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். நாவலில் எழுதினால் நம்பியிருக்க மாட்டோம்.

பெயர்களும் அமைப்புகளும் குழம்பிப் பாதியில் விட்டுவிடுகிறேன். வழி உண்டா? (நெல்லை)

முதல் ஐம்பது பக்கத்துக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டு விஷயம் போதும்: இவர் யாருக்கு அறிக்கை அனுப்புகிறார், இவரைப் பற்றி யார் அறிக்கை அனுப்புகிறார்கள். ஒரு பெயருக்கு இரண்டாவது இடம் காலியாகவே இருந்தால் அந்த ஆள் மேல் ஒரு கண் வையுங்கள்.