தொண்டு நிறுவனத் தலைவர்கள் புதுமையான திட்டங்களால் சமூகப் பிரச்சினைகளை எப்படித் தீர்க்கிறார்கள்?

கிராமப்புறச் சுகாதாரத் தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துச் சொல்வது வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980இல் தொடங்கிய ஒரு திட்டத்தைத்தான். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு வெல்லக் கரைசல் கொடுக்கும்படி வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்த திட்டம் அது.

இதில் மருந்து புதிதல்ல. வாய்வழிக் கரைசலே பெரும்பாலான காலரா நோயாளிகளைக் காப்பாற்றும் என்பதை டாக்காவின் காலரா ஆய்வகம் 1968இலேயே காட்டிவிட்டது. 1971இல் வங்கதேச விடுதலைப் போருக்குத் தப்பி வந்த அகதிகள் நிறைந்திருந்த, மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே இறப்பு விகிதத்தை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். ஆனாலும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வங்கதேசக் கிராமங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்துகொண்டேதான் இருந்தார்கள். கண்டுபிடிப்பு ஆய்வகத்தில் இருந்தது. குழந்தையோ, மழைக்காலத்தில் படகில் மட்டுமே போகக்கூடிய ஏதோ ஒரு ஊரில் இருந்தது.

பிராக்கைத் தொடங்கிய ஃபஸ்லே ஹசன் அபேத் மருத்துவர் அல்லர், கணக்காளர். சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். போருக்குப் பிறகு லண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற பணத்தோடு 1972இல் சுல்லா என்ற ஊர்ப்பகுதியில் நிவாரண வேலை தொடங்கினார். கணக்காளரின் கண் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது என் எண்ணம். இந்தத் திட்டத்தை விவரமாகப் பார்த்தால் அது புரியும்.

கரைசலுக்கான தூள் பொட்டலங்களை எல்லா ஊருக்கும் கொண்டுசேர்க்க வழியில்லாததால், வீட்டில் இருப்பதை வைத்தே கரைசல் செய்ய முடிவெடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். சிட்டிகை என்றால் விரலின் முதல் ரேகை வரை. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் அந்த ரேகைக்கு அவ்வளவு முக்கியத்துவம். அரை சேர் எவ்வளவு என்பதைக் காட்ட, அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே கோடு போட்டுக் கொடுத்தார்கள். இளம்பெண்கள் குழுவாகப் போய் ஊரிலேயே தங்கினார்கள். எழுத்தறிவு இல்லாத தாய், பணியாளர் முன்னால் தன் கையாலேயே கரைத்துக் காட்ட வேண்டும். நினைவில் வைக்க வேண்டிய குறிப்புகள் முதலில் பத்து இருந்தன, பிறகு ஏழாகக் குறைத்தார்கள்.

நான் மிகவும் மதிப்பது இதற்கு அடுத்த ஏற்பாட்டை. பணியாளருக்குச் சம்பளம், எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்துக் கணக்கிடப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு கண்காணிப்பாளர் அதே ஊருக்குப் போய், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தாய்க்கு எத்தனை குறிப்புகள் நினைவிருக்கின்றன, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். அந்த முடிவுக்கு ஏற்பத்தான் பணியாளருக்கு ஊதியம். வெயிலில் நடந்து போய்ச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இது கடுமையான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் தாய்க்குப் புரியும்வரை உட்கார்ந்து பேச வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியது.

அதைவிட முக்கியம், தாய்மார்கள் பாடத்தை நன்றாக ஒப்பித்தார்கள், ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது மிகச் சிலரே கரைசல் கொடுத்தார்கள் என்பதை அந்த அமைப்பே தேடிக் கண்டுபிடித்தது. காரணம் கேட்டார்கள். கற்றுக்கொடுத்த பெண்களில் பலருக்கே கரைசல்மீது நம்பிக்கை இல்லை என்று தெரியவந்தது. அவர்களை டாக்கா ஆய்வகத்துக்கு அழைத்துவந்து, கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். அதன் பிறகு பணியாளர், தாயின் முன்னால் அதே கரைசலைத் தானும் குடித்துக் காட்டினார். வீட்டு ஆண்கள், தங்களை ஒதுக்கிவிட்டு மனைவியிடம் மட்டும் பேசுகிறார்கள் என்று முகம் சுளித்ததும் தெரிந்தது. சந்தையிலும் பள்ளிவாசலிலும் அவர்களுக்குத் தனியாகக் கூட்டம் நடத்தினார்கள். 1990 வரை பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனார்கள். வானொலிப் பிரசாரம், அரசின் முயற்சி, பின்னர் வந்த மலிவான பொட்டலங்கள் எல்லாம் சேர்ந்துதான் பலன் கிடைத்தது. இன்று இந்தக் கரைசலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் வங்கதேசமும் ஒன்று.

எங்கள் துறையில் வழக்கமாக நடப்பது என்ன? கூட்டம் போடுவோம், தேநீரும் பிஸ்கெட்டும் கொடுப்போம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம், படம் எடுப்போம். நிதி தருபவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் அந்தக் கையெழுத்துகளின் எண்ணிக்கைதான் சாதனையாக நிற்கும். நானும் என் குழுவும் கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து மாத்திரைத் திட்டத்தில், கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்து அதே வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம். ஒரு வீட்டில் மாத்திரை அட்டை முழுதாக, பிரிக்காமல், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. "அத்தை வேண்டாம் என்றார்கள்" என்றார் அந்தப் பெண். அத்தையைக் கேட்டால், "மாத்திரை தின்றால் வயிற்றால் போவதே கறுப்பாகப் போகிறது. பிள்ளையும் கறுத்துத்தானே பிறக்கும்?" என்றார். அவர் கண்ணால் கண்டதை வைத்துத்தான் பேசினார். அந்த நிறம் உடலில் சேராத இரும்பால் வருவது, பிள்ளையைத் தொடாது என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. இப்போது மாமியார்களையும் அழைத்துத்தான் கூட்டம் நடத்துகிறோம். நூறு கையெழுத்து வாங்கியிருந்தாலும் பதிவேடு இதை எங்களுக்குச் சொல்லியிருக்காது.

ஆகவே ஒரு தொண்டு நிறுவனத்தில் சேரவோ அதற்கு நன்கொடை தரவோ நினைக்கிறீர்கள் என்றால், தலைவரிடம் திட்டத்தின் புதுமையைப் பற்றிக் கேட்காதீர்கள். கடைசியாக எந்தத் திட்டத்தை மாற்றினீர்கள், எதைப் பார்த்துவிட்டு மாற்றினீர்கள் என்று கேளுங்கள். நல்ல தலைவர் உடனே ஒரு ஊரின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்குவார்.

பிராக் இதே சிந்தனையைக் காசநோய்க்கும் கொண்டுபோனது. 1984இல் மாணிக்கஞ்ச் பகுதியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், நோயாளி சிகிச்சையைத் தொடங்கும்போது ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கட்டுவார். மாத்திரையை இடையில் நிறுத்தாமல் கடைசிவரை சாப்பிட்டு முடித்தால் அவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். அவரைக் கவனித்துக்கொண்ட கிராமத்துச் சுகாதாரப் பணியாளருக்கும் அப்போதுதான் ஊக்கத்தொகை. மாத்திரை கொடுத்த அன்றைக்கு யாருக்கும் எதுவும் கிடையாது.