போர்க்காலச் சிற்றூரில் எதிரி வீரருடன் நட்பு: அது ஊரின் வெறுப்பை மாற்றியதா?

போர் நடந்துகொண்டிருக்கும்போதே எதிரி நாட்டுப் படைவீரர்களுடன் ஒரு சிற்றூரின் சாதாரண மக்கள் நட்புக் கொண்டது உண்டா, உண்டென்றால் அந்த நட்பு ஊரில் இருந்த வெறுப்பை மாற்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு, உண்டு என்றே சொல்வேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, நான் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்துவரும் ஒரு வரலாற்றை, அதாவது இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் சிற்றூர்களில் வைக்கப்பட்டிருந்த ஜெர்மானியப் போர்க்கைதிகளின் வரலாற்றை, சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1943 மே மாதம் துனீசியாவில் ஜெர்மானிய, இத்தாலியப் படைகள் சரணடைந்தபோது, பிடிபட்ட இலட்சக்கணக்கானவர்களை வைத்துச் சோறு போட பிரிட்டனில் இடம் போதவில்லை. அமெரிக்காவிலிருந்து படையையும் தளவாடங்களையும் இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல்களில் அவர்கள் ஏற்றப்பட்டார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 3,70,000 ஜெர்மானியர்கள் அமெரிக்க மண்ணில் கைதிகளாக இருந்தார்கள். முகாம்கள் பெரும்பாலும் பெருநகரங்களை விட்டு விலகிய சிற்றூர்களின் ஓரத்தில் கட்டப்பட்டன. அலபாமா மாநிலத்தின் அலிஸ்வில் அப்படி ஓர் ஊர். அங்கே கட்டப்பட்ட முகாம் 6,000 பேருக்கானது. ஊரின் மொத்த மக்கள்தொகையோ அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. முதல் ரயில் வந்த 1943 ஜூன் மாதத்தில் ஊரே திரண்டு வந்து பார்த்தது.

நட்புக்கு வழிவிட்டது கருணை என்பதைவிட ஆள் பற்றாக்குறை என்றே சொல்ல வேண்டும். ஊர் இளைஞர்கள் படைக்குப் போய்விட்டதால் பருத்தி எடுக்கவும், சோளம் அறுக்கவும், மரம் வெட்டவும், உணவுப்பொருள்களை டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் நிற்கவும் ஆளில்லை. 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, அதிகாரிகள் அல்லாத கைதிகளை, போர் நடவடிக்கையோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகளில் ஈடுபடுத்த இடம் தந்தது. விவசாயி வட்டாரக் கூலியை அரசுக்குக் கட்டுவார். கைதிக்கு ஒரு நாள் வேலைக்கு 80 சென்ட், அதுவும் முகாம் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கிடைக்கும். கைதிகளோடு நெருங்கிப் பழகக் கூடாது என்பது விதி. ஆனால் காலையிலிருந்து மாலைவரை ஒரே வயலில் குனிந்து வேலை செய்கிறவர்களிடையே அந்த விதி எத்தனை நாள் நிற்கும்? முகாமிலிருந்து கொடுத்தனுப்பிய ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் அழைத்துத் தங்கள் மேசையிலேயே அமர்த்திச் சாப்பாடு போட்ட விவசாயக் குடும்பங்கள் பல மாநிலங்களில் இருந்தன. போர் முடிந்த பிறகு கடிதப் போக்குவரத்தாகத் தொடர்ந்த உறவுகளில் பல இப்படிப்பட்ட சாப்பாட்டு மேசைகளில் தொடங்கியவைதான். ஜெர்மனி பசியில் கிடந்த அந்த ஆண்டுகளில், தங்கள் வயலில் உழைத்த பையனின் வீட்டுக்கு உணவுப் பொட்டலம் அனுப்பியவர்களும் இருந்தார்கள்.

அயோவா மாநிலத்து அல்கோனா ஊரை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த மாநிலத்து விவசாயிகளில் கணிசமானவர்கள் ஜெர்மானிய வம்சாவளியினர்; அவர்களில் பலருக்குக் கைதிகளின் மொழி பாட்டி பேசிய மொழி. அதே மாநிலத்தில்தான் முதல் உலகப் போரின்போது, 1918-இல், ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பொது இடத்திலும் பள்ளியிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று ஆணையிட்டிருந்தார். அப்போது வாயடைக்கப்பட்ட அந்த மொழியில், 26 ஆண்டுகள் கழித்து, இன்னொரு போரின் நடுவில், எதிரிப் படைவீரனோடு விதை பற்றியும் மழை பற்றியும் பேச முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அல்கோனா முகாமில் இருந்த எடுவர்ட் கைப் என்ற கைதி, சில தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, மரச்சட்டத்திலும் கம்பியிலும் சிமென்ட் பூசி, ஆளில் பாதி உயரமுள்ள அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்களுடன் ஒரு கிறிஸ்து பிறப்புக் குடிலை 1945-இல் செய்து முடித்தார். செலவு கைதிகளின் சொந்தப் பணம். அதை ஊருக்கே விட்டுச் சென்றார்கள். பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கைப்பின் வேண்டுகோள். அயோவாவில் பணியாற்றிய காலத்தில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஊர் மெதடிஸ்ட் திருச்சபையினர் ஒவ்வொரு டிசம்பரிலும் அதைத் திறந்து வைக்கிறார்கள்.

எல்லா ஊரும் அல்கோனா அல்ல. யூட்டா மாநிலத்துச் சலைனாவில், ஐரோப்பியப் போர் முடிந்து இரண்டு மாதம் ஆன பின், 1945 ஜூலை 8-ஆம் தேதி நள்ளிரவில், அமெரிக்கக் காவலர் ஒருவர் கோபுரத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் கூடாரங்களை நோக்கிச் சுட்டதில், உறங்கிக்கொண்டிருந்த கைதிகளில் 9 பேர் இறந்தார்கள். கைதிகள் எல்லோரும் அப்பாவிகள் என்று எண்ணுவதும் தவறு. ஓக்லஹோமாவின் டொங்கவா முகாமில், அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுத்ததாகச் சந்தேகித்து யோகன்னஸ் குன்ட்சே என்ற கைதியைச் சக கைதிகளே 1943 நவம்பரில் அடித்துக் கொன்றார்கள். அதற்காக ஐவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்த நட்பு வெறுப்பை மாற்றியதா? ஜெர்மானியர் மீதான வெறுப்பை ஓரளவு மாற்றியது. ஆனால் ஊரின் ஆழமான வெறுப்பு அவர்கள் மீது இருந்ததே இல்லை; அது கறுப்பினத்தவர் மீது இருந்தது. 1944 ஏப்ரலில், அமெரிக்கப் படையினருக்கான ‘யாங்க்’ இதழில், ரூபர்ட் டிரிமிங்ஹாம் என்ற கறுப்பினப் படைவீரரின் கடிதம் வெளிவந்தது. லூயிசியானாவிலிருந்து அரிசோனாவுக்கு மாற்றலாகிச் செல்லும் வழியில், அவரும் உடன் வந்த எட்டுக் கறுப்பினப் படைவீரர்களும் ஒரு ஊரில் இரவு தங்க நேர்ந்தது. எந்த உணவகமும் அவர்களுக்கு ஒரு கோப்பைக் காப்பிகூடத் தரவில்லை. கடைசியில் ரயில் நிலைய உணவகத்தில் இடம் கிடைத்தது, அதுவும் பின்பக்கம் சமையலறைக்குள். அப்போது இரண்டு காவலர்களுடன் சுமார் இருபத்து நான்கு ஜெர்மானியக் கைதிகள் வந்து, முன்வாசல் வழியே நுழைந்து, மேசைகளில் அமர்ந்து, பரிமாறப்பட்ட உணவை உண்டு, சிரித்துப் பேசிப் புகைபிடித்தார்கள். இந்த நாட்டுக்காகச் சாகச் சத்தியம் செய்திருக்கும் எங்களைவிட, இந்த நாட்டின் எதிரிகள் மேலாக நடத்தப்படுவது ஏன் என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்களைப் பற்றிப் பின்னர் அவரே எழுதினார்: 287 கடிதங்கள், அவற்றில் 183 படையிலிருந்த வெள்ளையர்கள் எழுதியவை.

இதனால்தான் வயல்வெளி நட்பை நான் மதித்தாலும் அதை முன்முடிவை வென்ற கதையாகச் சொல்ல மறுக்கிறேன். தென் மாநிலத்து வெள்ளை விவசாயி ஜெர்மானியனை மேசைக்கு அழைத்தபோது, தலைமுறைகளாகத் தன் வயலில் உழைத்த கறுப்பினக் கூலியாளுக்கு அந்த மேசையில் இடம் தந்ததில்லை. போர்ப் பகையைக் கடப்பதைவிட, தோல் நிறத்தைக் கடப்பது அவருக்குக் கடினமாக இருந்தது.

அதைக் கடந்த ஒரு நட்பை எனக்குத் தெரியும். கறுப்பினச் செவிலியர்களைப் படையில் சேர்க்கத் தயங்கிய அமெரிக்க இராணுவம், சேர்த்தவர்களில் பலரை வெள்ளையரான அமெரிக்க வீரர்களிடம் அனுப்பாமல், ஜெர்மானியக் கைதிகளுக்கு மருத்துவம் பார்க்க அனுப்பியது. எலினார் பவல் அப்படி அரிசோனாவின் ஃபிளாரன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த முகாமுக்கு வந்தவர். அங்கே சமையல் வேலையில் இருந்த கைதி ஃபிரெடெரிக் ஆல்பர்ட் அவரை விரும்பினார். உறவு தெரியவந்தபோது அமெரிக்கப் படையினர் சிலர் ஆல்பர்ட்டை அடித்தார்கள். கைதியாக நாடு திருப்பி அனுப்பப்பட்டவர், 1947-இல் மறுபடியும் அமெரிக்கா வந்து எலினாரை நியூயார்க்கில் மணந்தார். அவர்கள் சந்தித்த அரிசோனாவில் அந்தத் திருமணத்தைச் சட்டமே தடுத்திருந்தது. அதன் பிறகும் வாடகைக்கு வீடு பிடிப்பதும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் அவர்களுக்குப் போராட்டமாகவே இருந்தன; சில காலம் ஜெர்மனியிலும் வாழ்ந்து பார்த்துத் திரும்பினார்கள். கடைசியில் கனெக்டிகட்டின் நார்வாக் நகரில், எல்லா இனத்தவரும் கலந்து வாழ்வதற்கென்றே 1949-இல் கூட்டுறவாகத் தொடங்கப்பட்ட ஒரு குடியிருப்பில் வீடு அமைத்துக்கொண்டு, இரண்டு மகன்களை அங்கே வளர்த்தார்கள்.